இலவச பஸ்சும் இருநூற்றிருபது ரூபாய் ஆட்டோவும்

என் அண்ணன் கணக்கு எழுதுகிறவர். தொழிலும் அதுதான், ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்ன கம்பெனியில் டேலி போடுகிறார். வீட்டுக்கும் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறார். 2013ல் பைக் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அதற்குப் பிறகு அந்த நோட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்தது. மேலே "நாற்காலி செலவு" என்று எழுதியிருப்பார். சக்கர நாற்காலி இல்லாவிட்டால் இந்த ரூபாய் போயிருக்காது என்று அடித்துச் சொல்ல முடிகிற செலவு மட்டும்தான் அதில் ஏறும். அரிசி, கரண்ட் பில், பிள்ளையின் ஃபீஸ் எதுவும் ஏறாது. அந்த விஷயத்தில் அவர் ரொம்ப கறார்.

2021ல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. கொஞ்ச நாளில் மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களோடு வரும் ஒரு துணையாளருக்கும் அதை நீட்டித்தார்கள். அப்போது நான் அதைப் பாராட்டி நாலு பக்கம் எழுதினேன். நலத்திட்டம், நடமாட்டம், பொருளாதாரப் பங்கேற்பு என்று பெரிய வார்த்தையெல்லாம் போட்டிருந்தேன். படித்துவிட்டு அண்ணன் போன் பண்ணினார். "நல்லாத்தான்டா எழுதியிருக்கே. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எந்த பஸ்ல?"

என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு சென்னையில் ஓடிக்கொண்டிருந்த சாதாரண பஸ்சுக்குத் தரை ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் உயரம், உள்ளே போக மூன்று படி, நடுவில் ஒரு கம்பி. பெண்களுக்கு வந்த இலவசம் நிஜமான இலவசம். எங்கள் வீட்டிலேயே அண்ணிக்கு அதனால் மாசம் அறுநூறு எழுநூறு மிச்சமாகிறது. அதே திட்டத்தில் அண்ணனுக்கும் இடம் இருந்தது, ஆனால் அவருடைய நோட்டில் ஒரு பைசாகூடக் குறையவில்லை. ஏற முடியாத வண்டிக்கு டிக்கெட் இலவசம் என்றால் அரசுக்கும் செலவில்லை, அவருக்கும் வரவில்லை. அந்தக் கட்டுரையைத் திருத்த வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். இந்தக் குறிப்பு அந்தத் திருத்தம்தான். கொஞ்சம் லேட்.

இந்த மார்ச் மாதக் கணக்கை அவரிடம் கேட்டு வாங்கினேன். ஆபீசுக்குப் போக ஒரு தடவை ஆட்டோ 220 ரூபாய், திரும்பி வர 220. பழகின ஆட்டோக்காரர். இறங்கி வந்து நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டுவார், அதற்கென்று கூடக் கேட்பதில்லை. 22 வேலை நாளுக்கு 9,680. வீட்டு வாடகையில் கூடுதலாக 2,500. அதே தெருவில் அதே அளவு வீடு மாடியில் என்றால் அந்த அளவுக்குக் குறைவு. இவருக்குத் தரைத்தளமும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் வேண்டும், கதவு 80 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். இதெல்லாம் சேர்ந்து அமைகிற வீட்டுக்கு ஓனர் சொல்வதுதான் விலை. சிறுநீர்க் குழாய், பை, கையுறை, டயப்பர், தோல் புண்ணாகாமல் தடவும் களிம்பு எல்லாம் சேர்த்து 3,400. முன்சக்கரத்தின் பேரிங்கும் ஒரு டியூப்பும் 650. மொத்தம் 16,230.

சம்பளம் 28,000. கழித்தால் 11,770. அரசாங்கத்தின் எந்தப் படிவத்தை எடுத்தாலும் அண்ணன் 28,000 ரூபாய்க்காரர். ஆனால் கடைத்தெருவில் அவர் 11,770 ரூபாய்க்காரர்.

இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அமர்த்தியா சென் இரண்டு தடைகளைப் பிரித்துச் சொல்கிறார். ஒன்று, சம்பாதிப்பதில் வரும் தடை: வேலை கிடைக்காது, கிடைத்தாலும் சம்பளம் குறைவு. இன்னொன்று, சம்பாதித்த பணத்தை வாழ்க்கையாக மாற்றுவதில் வரும் தடை: மற்றவர் பத்து ரூபாயில் செய்கிற காரியத்துக்கு இவருக்கு இருபது ஆகும். உதாரணத்துக்கு சென் எடுத்துக்கொள்வது வீப்கே குக்லிஸ் என்ற இளம் ஆய்வாளர் கேம்பிரிட்ஜில் பிரிட்டனைப் பற்றிச் செய்த கணக்கை. அங்கே மொத்தத்தில் 17.9 சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் குடும்பங்களில் இருந்தார்கள். மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கும் குடும்பங்களை மட்டும் பார்த்தால் 23.1 சதவீதம். இதில் வெளியே தெரிவது முதல் தடை மட்டும். ஊனத்தால் வரும் கூடுதல் செலவையும் கழித்துவிட்டுப் பார்த்தால் அது 47.4 சதவீதமாகிவிடுகிறது. 23க்கும் 47க்கும் நடுவில் இருக்கிற அந்தக் கூட்டம் எந்தப் பட்டியலிலும் ஏழை கிடையாது. அண்ணன் நிற்பது அங்கேதான்... "நிற்பது" என்று எழுதினால் அவர் சிரிப்பார்.

பிரிட்டனில் இந்தக் கூடுதல் செலவை ஸ்கோப் என்ற அமைப்பு அவ்வப்போது அளந்து வெளியிடுகிறது. 2024ல் அவர்கள் சொன்ன தொகை, மாற்றுத்திறனாளி இருக்கும் குடும்பத்துக்கு மாதம் 1,010 பவுண்டு. அந்தக் கணக்கின் முறையில் வாதம் பண்ண இடமிருக்கலாம். ஆனால் வாதம் பண்ணுவதற்கு ஒரு எண் அங்கே மேசைமேல் இருக்கிறது. நம் ஊரில் மேசைமேல் இருப்பது சதவீதம் மட்டும்தான்.

எனக்குப் பெரிய மனக்குறை இந்தச் சதவீதத்தின் மேல். மருத்துவக் குழு உடம்பைப் பார்த்து 40, 60, 80 என்று போட்டுத் தரும் சான்றிதழ். 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் சலுகைகளின் கதவு திறக்கும். அது அளப்பது உடம்பில் எவ்வளவு போயிற்று என்பதை. லிஃப்ட் உள்ள அபார்ட்மென்டில் சொந்தக் கார் வைத்திருப்பவருக்கும் 80 சதவீதம், படிக்கட்டு உள்ள லைன் வீட்டில் இருப்பவருக்கும் 80 சதவீதம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, மற்றவர்களுக்கான இதே மாதிரி நலத்திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 சதவீதமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் 25 எங்கிருந்து வந்தது? அண்ணன் கணக்கில் அது 25 இல்லை, சம்பளத்தில் 58.

ஒவ்வொரு சலுகையாக எடுத்து இந்த நோட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சக்கர நாற்காலி, மூன்று சக்கர வண்டி மாதிரி உபகரணங்களுக்கு 1981 முதல் மத்திய அரசின் அடிப் திட்டம் இருக்கிறது. அதில் வருமான உச்சவரம்பு உண்டு. ஒரு அளவுக்குக் கீழே முழு உதவி, அதற்கு மேல் பாதி, அதற்கும் மேல் ஒன்றுமில்லை. அங்கே பார்ப்பது கைக்கு வரும் சம்பளத்தை, கழித்தபின் மிஞ்சுவதை இல்லை. சரி, சம்பாதிக்கிறவர்களுக்கு வருமான வரியில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவு இருக்கிறதே என்பீர்கள். 75,000 ரூபாய் கழிவு, கடும் ஊனத்துக்கு 1,25,000. 2015 பட்ஜெட்டில் வைத்த தொகை அது. 2023-24 முதல் இயல்பு முறையாகிவிட்ட புதிய வரி முறையைப் பிடித்தால் அந்தக் கழிவே கிடையாது. பழைய முறையைப் பிடித்தாலும் ஆண்டுக்கு 3,36,000 வாங்குகிற ஆளுக்கு எப்படியும் வரி வராது, வராத வரியில் எதைக் கழிப்பது? ஏழைகளுக்கான கதவில் "உனக்குச் சம்பளம் அதிகம்" என்கிறார்கள், வரி கட்டுகிறவர்களுக்கான கதவில் "உனக்குச் சம்பளம் கம்மி" என்கிறார்கள். இரண்டு கதவுக்கும் நடுவில் வராந்தாவிலேயே ஒரு ஆள் காலம் தள்ள வேண்டியதுதான்.

உதவித்தொகையிலும் இதே கதை. மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியப் பங்கு மாதம் 300 ரூபாய். 2012ல் வைத்தது, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 80 சதவீத ஊனம் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாதம் 2,000. பக்கத்து ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து 6,000, வாதத்தால் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ முடங்கியவர்களுக்கு 15,000. ஆந்திரத் தொகையைத்தான் இங்கேயும் சங்கங்கள் கேட்டுப் போராடுகின்றன. அண்ணன் வேலையில்லாமல் இருந்த வருஷங்களில் உதவித்தொகை வாங்கினார். வேலை கிடைத்த மாசமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "சம்பாதிக்கிறவன் வாங்கக்கூடாதுடா" என்றார். அந்த மாசம் அவர் முதல் சம்பளம் 11,000, ஆட்டோவுக்குப் போனது 7,000. வேலைக்குப் போனதால் அவர் கைக்கு நின்றது வீட்டில் இருந்து வாங்கியதைவிட அப்படியொன்றும் அதிகமில்லை. எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்? அவர்களைச் சோம்பேறி என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு பத்தியைக் காட்டலாம்.

ரயிலைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. துணை இல்லாமல் போக முடியாதவர்களுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை, கூட வருபவருக்கும் உண்டு. நல்ல சலுகை. வாசல் குறுகல், படி செங்குத்து, உள்ளே நடைபாதையில் நாற்காலி நுழையாது, கழிவறைக்குள் திரும்ப இடமில்லை. மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே அண்ணன் தண்ணீர் குடிக்கவில்லை.

பஸ் விஷயத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு அசைவு இருக்கிறது. தாழ்தளப் பேருந்துகளுக்காக மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல வருஷம் வழக்கு நடத்தினார். விலை அதிகம், நம் ரோடு சரியில்லை, மழைத் தண்ணீர் தேங்கும் என்பது மாதிரியான பதில்கள் வந்தன. ரோடு சரியில்லை என்பதால் பஸ் சரியாக இருக்க வேண்டாம் என்பது விசித்திரமான தர்க்கம். கடைசியில் 2024ல் 400 மில்லிமீட்டர் தரை உயரமுள்ள, நிறுத்தத்தில் ஒரு பக்கம் சாய்ந்து கொடுக்கிற பேருந்துகள் சென்னையில் ஓட ஆரம்பித்தன. அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஏறிப் பார்த்தார். கண்டக்டர் இறங்கி வந்து பலகையை விரித்துப் போட்டாராம், முகம் சுளிக்கவில்லையாம். ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்தப் பலகை நடைமேடையில் வந்து உட்காரும்படி செய்தது. நிறுத்தத்தை ஒட்டி ஆட்டோவும் தள்ளுவண்டியும் நின்றால் பஸ் நடுரோட்டில் நிற்கும், பலகை தார் ரோட்டில் இறங்கும். சாய்தளத்துக்கு நம் வழிகாட்டு நெறிகளில் உள்ள விகிதம் ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். 40 சென்டிமீட்டருக்கு 4.8 மீட்டர் வேண்டும். பஸ்சுக்குள் மடித்து வைக்கும் பலகை அவ்வளவு நீளம் இருக்க முடியாது. அப்போது அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம். மெட்ரோவும் அப்படித்தான். ரயிலுக்குள் அண்ணன் ராஜா. லிஃப்ட் இருக்கிறது, நடைமேடையும் பெட்டியும் சமமாக இருக்கின்றன, ஒருத்தர் உதவியும் வேண்டாம். வில்லிவாக்கத்தில் இருக்கும் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு ஆட்டோ, இறங்கின இடத்திலிருந்து ஆபீசுக்கு ஒரு ஆட்டோ. கூட்டிப் பார்த்தால் அதே இருநூற்றுச் சொச்சம். கோடிக்கணக்கில் போட்ட முதலீடு கடைசி மூன்று கிலோமீட்டர் நடைபாதையில் போய் முட்டி நிற்கிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016 சட்டம் இருக்கிறது, அதன்கீழ் 2017 ஜூனில் விதிகள் வந்தன, பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய ஐந்து வருஷக் கெடு கொடுத்தார்கள். கெடு 2022லேயே முடிந்துபோனது. 2024 நவம்பர் 8ஆம் தேதி ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் முக்கியம். சட்டம் "கட்டாயம்" என்கிறது. அதன்கீழ் வந்த 15ஆவது விதியோ வெறும் வழிகாட்டு நெறிகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பரிந்துரையாக எழுதினதைக் கட்டாயம் என்று எப்படிச் சொல்வது? அந்த விதி சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்ச அளவுகளைத் தனியாகப் பிரித்து மூன்று மாதத்தில் கட்டாய விதியாக எழுதச் சொன்னது. அதாவது ஏழெட்டு வருஷமாக நாம் "விதிமீறல்" என்று சண்டை போட்டதெல்லாம் சட்டக் கண்ணில் ஆலோசனையைக் கேட்காமல் விட்டது, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் சாய்தளம் இருக்கிறது. வாசலில் இரண்டு படி, அதன்மேல் சிமென்டைக் கொட்டி வழித்த மாதிரி. கீழே இருந்து பார்த்தால் படகுத்துறை. ஆய்வுக்கு வருகிறவர் போட்டோ எடுத்துக்கொண்டு போகலாம், நாற்காலி ஏறாது.

இந்த இடத்தில் என்னை நானே மறுக்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் நோட்டுக் கணக்கில் அடைத்தால் சிலது தவறிப் போகும். 2022 நவம்பரில் மெரினாவில் கடல் வரைக்கும் 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டார்கள், 1.14 கோடி ரூபாயில். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயலில் முனை உடைந்தது. கேலி தாங்க முடியவில்லை. வேலைக்குப் போக பஸ் இல்லாத ஊரில் கடல் பார்க்கப் பாதையா என்று நானே கேட்டேன். சரிசெய்த பிறகு அண்ணனைக் கூட்டிப் போனோம். போக வர ஆட்டோவுக்கே ஐந்நூறு. பத்து வருஷம் கழித்து அலை வந்து சக்கரத்தை நனைத்தது. அன்றைக்குச் செலவை அவர் நாற்காலிப் பத்தியில் எழுதவில்லை. "ஊர் சுத்தினது" என்று பொதுக் கணக்கில் போட்டிருந்தார். எல்லோரையும் மாதிரி.

நோட்டில் ஏறாதது இன்னொன்றும் உண்டு. அண்ணி தையல் யூனிட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். காலையில் அண்ணனைக் குளிக்க வைத்து, குழாய் மாற்றி, முதுகில் புண் வந்திருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்த்து அனுப்பவே ஒன்பது மணி ஆகிவிடும். யூனிட்டில் எட்டரைக்கு கேட் மூடிவிடுவார்கள். விட்டுவிட்டார். அந்தச் சம்பளம் எந்தப் பத்தி என்று அண்ணனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை எழுதினா நோட்டு தாங்காதுடா" என்றார்.

தரைத்தள வீட்டுக்கு மாசம் 2,500 கூடக் கொடுக்கிறாரே, அதற்கு இன்னொரு விலையும் இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மாடி வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள், ஏற வழியில்லை. இரண்டு நாள் கட்டிலின்மேல் அவரும் நாற்காலியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியின் மெத்தை ஊறிப் போனது. உணர்வில்லாத உடம்புக்கு அந்த மெத்தைதான் காவல். நைந்த மெத்தையில் ஒரு வாரம் உட்கார்ந்ததில் புண் வந்து, ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். அந்த மாசப் பக்கத்தை நான் பார்க்கவில்லை.

நாற்காலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலவசமாகவும் நன்கொடையாகவும் கிடைப்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வகை, மடக்கு நாற்காலி. பின்னால் ஒருத்தர் தள்ளுவதற்காகச் செய்தது. ஐஐடி மெட்ராசில் 2025ல் 9 கிலோ எடையில் ஒரு நாற்காலியை வெளியிட்டார்கள், விலை 75,000. வெளிநாட்டு நாற்காலிகளோடு பார்த்தால் மலிவு என்பதில் சந்தேகமில்லை. அண்ணனின் 11,770ல் குடும்பம் போக மாசம் ஆயிரம் ஒதுக்கினால் ஆறேகால் வருஷம். அவருடைய இப்போதைய நாற்காலிக்கு ஏழு வயது. தோள்பட்டை வலி வந்துவிட்டது. தோள் போனால் அவருக்குக் கை, கால் இரண்டும் போன மாதிரி.

கம்பெனி ஜூன் மாசம் வேறு கட்டடத்துக்கு மாறுகிறது. இரண்டாவது மாடி, ஆனால் லிஃப்ட் இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். லிஃப்டுக்கு முன்னால் மூன்று படி இருக்கிறது. முதலாளி நல்ல மனுஷர். "அட, நாலு பேர் இருக்கோம், தூக்கிட மாட்டோமா" என்கிறார். தூக்குகிறவர்களுக்குத் தெரியாது. ஒரு கை நழுவினால் என்ன உடைந்தது என்று அண்ணனுக்கே தெரியாது, வலிக்காது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் சம வாய்ப்புக் கொள்கையில் என்னென்ன வசதி என்று விவரமாக எழுதி வைக்கச் சொல்கிறது விதி. இங்கே இருப்பது 14 பேர்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் டேப்பை எடுத்துக்கொண்டு போனோம். படி ஒவ்வொன்றும் 17 சென்டிமீட்டர், மொத்தம் 51. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்றால் 6.12 மீட்டர். கேட்டிலிருந்து படிவரை இடம் இருப்பதோ நாலு மீட்டர். ஒரு திருப்பம் வைத்து மடக்கிக் கொண்டுபோனால் வரும். அண்ணனே படம் போட்டார். வெல்டிங் பட்டறையில் இரும்பில் செய்ய 38,000 கேட்டிருக்கிறார்கள். கட்டட ஓனர் வாசலில் எதுவும் நிரந்தரமாகப் பதிக்கக் கூடாது என்கிறார். முதலாளி பாதி தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் பக்கத்தில் நாற்காலி செலவுப் பத்தியில் 38,000 என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.